முழங்கால் வைத்தியத்துக்குப் போன இடத்தில்

என் அன்புத் தம்பி,

இந்தக் கடிதத்தைக் கண்டதும் நீ பயந்துபோவாய் என்று எனக்குத் தெரியும். நாள்தோறும் தொலைபேசியில் கதைக்கிற அம்மா பக்கம் பக்கமாக எழுதுகிறாள் என்றால் ஏதோ வில்லங்கம் என்றுதான் நினைப்பாய். வில்லங்கம் ஒன்றும் இல்லை. அப்பா சுகம். என் முழங்கால் முன்னையைவிடச் சுகம். தொலைபேசியில் சொன்னால் நீ இடையில் புகுந்து "அம்மா, பொறுங்கோ, பொறுங்கோ" என்பாய். நான் கோபப்பட்டு வைத்துவிடுவேன். பிறகு இரண்டு பேரும் முகத்தைத் தூக்கிக்கொண்டு இருப்போம். கடிதத்துக்குள் நீ குறுக்கிட முடியாது, அதனால் எழுதுகிறேன். இதை நீ ஒளித்துவைக்கவும் வேண்டாம். பவானிக்கு வாசித்துக் காட்டு. கலியாணத்துக்கு நிற்கிற உன் சிநேகிதர்களுக்கும் காட்டு. பிள்ளைகளுக்குச் சம்பந்தம் தேடி அலைகிற என் வயதுக்காரர் யாராவது கேட்டால் அவர்களுக்கும் கொடு. எனக்கு அதில் வெட்கம் இல்லை.

மாம்பழக் காலத்தில் நீ புத்தூருக்கு வந்து நின்றபோது, சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொன்னாய், கொழும்பில் உன்னோடு வேலை செய்கிற பவானி என்ற பிள்ளையைத்தான் கட்ட விருப்பம் என்று. எந்த ஊர் என்று கேட்டேன். பண்டாரவளைப் பக்கம், தேயிலைத் தோட்டம் என்றாய். அப்பா மாங்கொட்டை சூப்புவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் "பார்ப்பம்" என்றேன். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை என்று நீ ஆறுதல் பட்டாய். ஓம் என்றும் நான் சொல்லவில்லை என்பது பிறகுதான் உனக்கு உறைத்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நீ அதைக் கேட்பாய், நான் வெங்காயத்துக்கு நோய் விழுந்த கதையைச் சொல்வேன்.

ஏன் என்று உனக்குத் தெரியாமல் இல்லை. மலைநாட்டு ஆட்கள் என்றால் எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களின் முகம் எப்படிப் போகும் என்று நீ சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறாய். இந்தியாவிலிருந்து தோட்டத்து வேலைக்கு வந்த சனம், லயத்து வரிசைவீட்டில் இருக்கிற சனம், ஆர் எவர் என்று ஒரு மண்ணும் தெரியாது என்பார்கள். நானும் அதைத்தான் நினைத்தேன். வாயால் சொல்ல மட்டும் விருப்பமில்லை. சொன்னால் நீ என்னை மதிக்கமாட்டாய் என்று பயந்தேன். அதனால் வாயை மூடிக்கொண்டு, காலம் போனால் உன் மனம் மாறிவிடும் என்று காத்திருந்தேன்.

இதற்கிடையில் நீ என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாய். எண்ணெய் வைத்தியம், நீராவி, காலையில் மலையில் நடை என்று எல்லாம் சேர்ந்த ஒரு விடுதிக்கு என்னையும் அப்பாவையும் அனுப்பப் போவதாக ஒற்றைக்காலில் நின்றாய். அது ஸ்பா, வெள்ளைக்காரர் போகிற இடம், எனக்கு என்னத்துக்கு என்று நானும் தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் நீ நாலைந்து இடங்களின் படங்களை அனுப்பினாய். அதில் ஒன்று பண்டாரவளைக்கு அப்பால் ஒரு மலைக்கிராமத்தில் இருந்தது. உடனே "இது நல்லாயிருக்கு" என்று பதில் போட்டேன். நீ சந்தோஷப்பட்டாய். பவானியின் தோட்டத்துப் பெயரை நீ முதல் நாளே வாய்தவறிச் சொல்லியிருந்ததும், நான் அதை மனதில் போட்டு வைத்திருந்ததும் உனக்குத் தெரியாது. மன்னித்துக்கொள். நான் எண்ணெய்க்காக அந்த இடத்தைத் தெரிவு செய்யவில்லை.

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேச முதல் விசாரிப்பது என்று ஒன்று இருக்கிறதே, அதில் உன் அம்மா பேர்போனவள். அந்த ஊருக்குப் போய், அந்த வீட்டுக்குக் கிட்டவுள்ள கடையில் ஒரு சோடா வாங்கிக் குடித்து, பசுமாடு வாங்க வந்தது போலவோ காணி பார்க்க வந்தது போலவோ கதை கொடுத்து, அந்தக் குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதையையும் கறந்துகொண்டு வருவது. உன் சித்தப்பாமாருக்கும் மாமியின் பிள்ளைகளுக்கும் நான்தான் போனேன். ஒரு இடத்திலும் நான் பிடிபட்டதில்லை. அந்தத் தலைக்கனத்தோடுதான் மலைக்குப் புறப்பட்டேன். அங்கே போய் விசாரித்து, ஏதாவது ஒரு குறை கண்டுபிடித்து, அதை உன் முன்னால் வைத்தால் நீ அடங்குவாய் என்பதுதான் என் திட்டம்.

அப்பா வரமாட்டேன் என்றார். வெங்காயம் கிண்டுகிற நேரம், நீ போய்விட்டு வா என்றார். அறுபது வயது தாண்டிய ஒரு பொம்பிளை தனியே, அதுவும் சும்மா களைப்பாறப் போகிறாள் என்றால் ஊர் சிரிக்கும். முழங்கால் வைத்தியம் என்று சொன்னேன். அவ்வளவுதான், பக்கத்து வீட்டுக்காரி வழிச்சாப்பாட்டுக்குப் புட்டு அவித்துத் தந்தாள். கோயில் ஐயர் விபூதி கட்டித் தந்தார். ஆனால் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்கே விளங்கியது, பிறந்ததிலிருந்து ஒரு நாள்கூட நான் தனியே ஓரிடம் போனதில்லை என்று. முதலில் என் அம்மாவோடு, பிறகு உன் அப்பாவோடு, பிறகு உங்களைக் கையில் பிடித்துக்கொண்டு. விசாரிக்கப் போன ஊர்களுக்கும் உன் அப்பாதான் கூட்டிக்கொண்டு போய்ச் சந்தியில் நிற்பார். கண்டியில் பஸ் மாறி ஏறும்போது என் கையில் என்னுடைய பை மட்டும்தான் இருந்தது. யாரையோ விட்டுவிட்டு வந்த மாதிரித் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

அந்த விடுதியைப் பற்றி உனக்குச் சொல்லத்தான் வேண்டும், காசு கட்டியவன் நீ. மலைச்சரிவில் ஓடு போட்ட சின்னச் சின்ன வீடுகள். விடிந்தால் வாசல் வரை பனிப்புகார் வந்து நிற்கும். எங்கே பார்த்தாலும் தண்ணீர். பாறையில், வடிகானில், ரோட்டோரத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது, மறிக்க ஆள் இல்லை. கிணற்றில் அளந்து இறைத்துத் தோட்டம் செய்த எனக்கு அதைப் பார்க்க வயிறு எரிந்தது. சாப்பாட்டைக் கொண்டுவந்து முன்னால் வைப்பார்கள். சாப்பிட்டு முடிந்ததும் நான் கோப்பையைத் தூக்கிக்கொண்டு குசினிப் பக்கம் போவேன், அங்கே வேலை செய்கிற பிள்ளை சிரித்துக்கொண்டு வாங்கிக்கொள்வாள். எண்ணெய் வைக்கிறவள் ஒரு சிங்களப் பிள்ளை. அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது. மேசையில் படுக்கவைத்து உச்சந்தலையில் இளஞ்சூட்டு எண்ணெயை ஊற்றி அவள் தேய்க்கத் தொடங்கியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கலியாணத்துக்கு முதல் நாளுக்குப் பிறகு ஒருவரும் என் தலையில் எண்ணெய் வைத்ததில்லை. ஊரில் எத்தனை தலைகளுக்கு நான் வைத்திருக்கிறேன்! அந்தப் பிள்ளை என் கண்ணைத் துடைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தொடர்ந்து தேய்த்தாள்.

இந்த இடத்தில் ஒரு புத்தி சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துபோவேன். நீ யாரைக் கட்டினாலும், வருஷத்தில் ஒருமுறை அவளைத் தனியே எங்காவது போய்வர விடு. அவளுக்கு மலை பிடித்தால் மலைக்கு, கடல் பிடித்தால் கடலுக்கு. போன இடத்துக்கு போன் எடுத்து மிளகாய்த்தூள் போத்தல் எங்கே என்று கேளாதே. உன் அப்பா முதல் நாள் மூன்று தரம் எடுத்தார். மிளகாய்த்தூள், தேயிலை, தன்னுடைய கண்ணாடி. கண்ணாடி மூக்கிலேயே இருந்தது. இரண்டாம் நாள் நான் போனை நிறுத்தி வைத்தேன். அப்பா பட்டினி கிடக்கவில்லை. முட்டை பொரித்துச் சாப்பிட்டதாக இப்போதும் பெருமையடிக்கிறார்.

சரி, நான் போன வேலைக்கு வருகிறேன். விடுதி முகப்பில் நின்றால் பள்ளத்துக்கு அந்தப்பக்கம், எதிர்மலையில், வரிசையாகத் தகரக் கூரைகளும் ஒரு சின்னக் கோயிலும் தெரியும். அது எந்தத் தோட்டம் என்று முகாமையாளரிடம் கேட்டேன். பவானியின் தோட்டத்துப் பெயரைச் சொன்னார். இந்தா கிடக்கிறது, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு போய் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். புத்தூரில் நின்று ஒன்று கண்ணுக்குத் தெரிந்தால் அது பத்து நிமிஷ நடை. எங்கள் ஊரில் மேடு என்றால் அது வயல் வரம்புதான். மலையில் கண்ணுக்குத் தெரிவதற்கும் கால் போய்ச் சேர்வதற்கும் இடையில் ஒரு முழுப் பள்ளம் கிடக்கும் என்று எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

மூன்றாம் நாள் காலை நடைக்குப் போகிற கூட்டத்தோடு புறப்பட்டு, வளைவு ஒன்றில் மெல்லப் பின்தங்கி, தனியே கீழே இறங்கும் பாதையைப் பிடித்தேன். புறப்படும்போதே, கூட வந்த ஒரு ஜெர்மன்காரி என் செருப்பைப் பார்த்துத் தலையில் கைவைத்துவிட்டு, தன்னுடைய இரண்டு ஊன்றுகோல்களில் ஒன்றை என் கையில் திணித்தாள். அவளுக்கு நான் ஆயுள் முழுக்க நன்றி சொல்ல வேண்டும். ஏறுவதுதான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். இறங்கும்போதுதான் முழங்கால் இரண்டும் வெடவெடத்தன. அடியில் ஒரு ஓடை, அதைக் கல்லில் மிதித்துத் தாண்டினேன். பிறகு தேயிலைக்கு நடுவே செங்குத்தான படி. நாலு படி ஏறுவது, நின்று மூச்சு விடுவது. திரும்பிப் பார்த்தால் விடுதி எதிரில் கைக்கெட்டுகிற தூரத்தில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தது. வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. சேலைக்கரையெல்லாம் சேறு. தனியாகக் கிடந்து செத்தாலும் கேட்க ஆளில்லை என்று ஒரு இடத்தில் குந்திவிட்டேன். ஆனால் தம்பி, ஒன்றைச் சொல்லவேண்டும். அந்த இடத்தில் காற்று அடித்தது, ஒரு குருவி கத்தியது, ஒருவருக்கும் நான் தேவைப்படவில்லை. அப்படி ஒரு நிம்மதி எனக்கு முன்பு கிடைத்ததே இல்லை. கொஞ்ச நேரம் எதற்கு வந்தேன் என்பதையே மறந்து இருந்தேன்.

மேலே ஏறி ரோட்டைத் தொட்டதும் ஒரு சின்னக் கடை. என் கைவரிசையைத் தொடங்கினேன். சோடா ஒன்று வாங்கினேன். கொழும்பிலிருந்து வருகிறேன், சொந்தக்காரப் பெடியன் ஒருவனின் கம்பனியில் கணக்கு வேலைக்கு ஆள் தேடுகிறார்கள், இந்தப் பக்கத்தில் படித்த பிள்ளைகள் இருக்கினமோ என்று மெல்லக் கேட்டேன். கடைக்காரர் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர், நல்ல மரியாதையான மனிதர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, போனை எடுத்து யாரோடோ இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்தார். அம்மா யாழ்ப்பாணமா என்று கேட்டார். இல்லை, கொழும்பு என்றேன்.

"கொழும்புன்னா சரிங்கம்மா. லெட்சுமிக்கா வீடு மேல் லயத்துல கடைசி. பவானியோட அம்மா. தேத்தண்ணி ஊத்தச் சொல்லிட்டேன், நீங்க மெதுவா ஏறுங்க."

நாற்பது வருஷமாக ஊர் ஊராகப் போய் விசாரித்தவள் ஒரு சோடா குடித்து முடிக்க முதல் பிடிபட்டேன். நான் வாயைத் திறந்ததுமே என் ஊர் தெரிந்துவிட்டது. அந்தப் பிள்ளையை யாழ்ப்பாணத்துப் பெடியன் ஒருவன் கேட்கிறான் என்பது தோட்டம் முழுக்கத் தெரியும். தன்னந்தனியாக, சேறும் சகதியுமாக, ஒரு யாழ்ப்பாணத்துப் பொம்பிளை மலையேறி வந்து, உத்தியோகத்துக்கு ஏற்ற பிள்ளைகளைப் பற்றிக் கேட்டால் அவள் யாராக இருப்பாள்? குழந்தைப் பிள்ளைக்கும் விளங்கும். திரும்பி ஓட முழங்காலில் பலம் இல்லை. மேலே ஏறினேன்.

லெட்சுமி வாசலில் நின்றார். என்னைவிட ஏழெட்டு வயது குறைவாக இருக்கும். கொழுந்து பறிக்கிற ஒரு பாவப்பட்ட மனுஷியை நான் மனதில் வரைந்து கொண்டு போயிருந்தேன். இவர் தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்துக்குப் பொறுப்பானவர். நேரான முதுகு, நேரான பார்வை. சிரிக்கவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை.

"வாங்கோ அக்கா. காலிலை அட்டை கடிச்சிருக்கு. உள்ளுக்கை வந்து இருங்கோ, உப்புப் போட்டு எடுப்பம்."

தம்பி, நான் திகைத்துப்போனேன். அது எங்கள் பேச்சு. எங்கள் வீட்டு முற்றத்தில் நின்று கதைக்கிற பேச்சு. கதிரையில் இருந்ததும் முதல் வேலையாக, நீங்கள் யாழ்ப்பாணமோ என்று கேட்டேன். அவர் என் காலடியில் குந்தி அட்டையில் உப்பை வைத்துக்கொண்டே சொன்னார்.

"இல்லை அக்கா. சின்னனிலை யாழ்ப்பாணத்திலை, பண்டத்தரிப்பிலை நிண்டனான். ஒரு வாத்தியார் வீட்டிலை, வேலைக்கு. எனக்கு ஒன்பது வயசு, என்ரை ஐயாதான் கொண்டுவந்து விட்டவர்."

கோபமாகச் சொல்லவில்லை. அந்த வீட்டு அம்மா அடிக்கவில்லை, திட்டவில்லை, தீபாவளிக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தவ என்றார். விடிய எழும்பி முற்றம் கூட்டுவது, வெங்காயம் உரிப்பது, அந்த வீட்டுக் குழந்தையைத் தூக்கி வைத்திருப்பது. அந்த வீட்டில் இவர் வயதிலேயே ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போனதாம். அது பாடம் படிக்கும்போது காது கொடுத்துக் கேட்டுத்தான் எழுத்துப் பழகினாராம். இவருக்கென்று ஒரு தட்டு, ஒரு தேத்தண்ணிப் பேணி. இரண்டும் வீட்டுக்குள் வராது, பின்சுவரில் கவிழ்த்து வைத்திருக்கும். நாலு வருஷத்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவருடைய தாய்க்கு மகளின் பேச்சு விளங்கவில்லையாம். அதைச் சொல்லும்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார்.

சுவரில் பவானியின் பட்டமளிப்புப் படம் மாட்டியிருந்தது. நல்ல வடிவான பிள்ளை, தாயின் கண். உனக்கு நீ அறியாத ஒன்றை இங்கே சொல்கிறேன், கவனமாகக் கேள். இந்தக் கலியாணத்துக்குத் தடையாக இருப்பது உன் அம்மா மட்டும்தான் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். இல்லை. லெட்சுமியே சொன்னார், பவானியின் தகப்பன் சம்மதித்துவிட்டாராம். மறித்து வைத்திருப்பது லெட்சுமி. தன் பிள்ளையை அந்த ஊருக்கு அனுப்பமாட்டேன் என்று அவர் முதல் நாளே சொல்லிவிட்டார். பவானி உனக்கு அதைச் சொல்லவில்லை. தாயை மனம் மாற்றிவிடலாம் என்று தனியே போராடியிருக்கிறாள். அவளைக் கோபிக்காதே. நீயும் உன் அம்மாவின் மனதில் உள்ளதை அவளிடம் சொல்லியிருக்கமாட்டாய்.

பிறகு லெட்சுமி கேட்டார். நான் இதை எழுதும்போதும் அந்தக் குரல் கேட்கிறது.

"அக்கா, என்ரை பிள்ளை படிச்சவள், உத்தியோகம் பாக்கிறவள். அவளை நீங்கள் நல்லா வைச்சிருப்பியள். ஒரு நாளைக்கு நான் அவளைப் பாக்க வந்தால், என்னை எங்கை இருத்துவியள்?"

கதிரையில் என்று சொல்ல வாய் எடுத்தேன். வரவில்லை. கதிரை எல்லாரிடமும் இருக்கிறது. கலியாணப் பந்தலில் உன் மாமிமார், சித்திமார் முன்னால், இவ என்ரை சம்பந்தி என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவேனா என்றுதான் அவர் கேட்டார். என் சமையலறையில் வந்து நின்று, உலைமூடியைத் திறந்து, உப்புப் பார்க்க விடுவேனா என்று கேட்டார். ஒரு குறை கண்டுபிடிக்கப் போனவள் நான்.

அவர் விடவில்லை. உங்கள் வீட்டிலும் அப்படி ஆரும் வேலைக்கு நின்றவையோ என்று கேட்டார். இல்லை என்று மட்டும் சொல்லியிருந்தால் அது பொய்யில்லை, என் மானமும் காப்பாற்றப்பட்டிருக்கும். ஆனால் அந்த மனுஷி என் காலில் கடித்த அட்டையைத் தன் கையால் எடுத்துப் போட்டவர்.

"இல்லை" என்றேன். "வைச்சிருக்க எங்களுக்கு வசதி இல்லை. வசதி இருந்திருந்தால் வைச்சிருப்பம்."

சொன்ன பிறகுதான் சொன்னது எனக்கே கேட்டது. எழும்பிப் போகச் சொல்லப்போகிறார் என்று ஊன்றுகோலைத் தேடினேன். லெட்சுமி எழும்பினார். பிறகு உள்ளே போய்த் தேநீர் கொண்டுவந்து என் கையில் தந்து, தானும் ஒரு கோப்பையோடு எதிரில் இருந்தார். இவ்வளவு தூரம் நடந்து வந்து ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுப் போவீர்கள் என்று நினைத்தேன் என்றார். அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் முழங்கால் நோவைப் பற்றிக் கதைத்தோம். அவருக்கும் இருக்கிறதாம், இடதுகாலில்.

எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும். பொம்பிளை வீட்டார்தான் சாதகக் குறிப்போடு வந்து கேட்க வேண்டும். மாப்பிள்ளையின் தாய் கதிரையில் சாய்ந்து இருந்து யோசித்துச் சொல்கிறோம் என்பாள். அந்த வரிசை தப்பி நான் ஒரு சம்பந்தமும் பேசியதில்லை. தேநீர் முடிந்ததும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, ஏன் எப்படி என்று எனக்கே தெரியாமல், இரண்டு கையையும் கூப்பி, "பவானியை எங்கடை வீட்டுக்குத் தாங்கோ" என்று கேட்டேன். உன் கண்ணுக்கு முன்னால் நான் இப்படி ஒருவரிடமும் எதையும் கேட்டதில்லை.

லெட்சுமி உடனே தலையாட்டிவிடுவார், கட்டிப்பிடித்து அழுவார் என்று நினைத்தால் நீ ஏமாந்துபோவாய். நானும் ஏமாந்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். நான் சொல்ல வேண்டிய வசனம் அது! உங்களுடைய ஊரை ஒருமுறை வந்து பார்க்கவேண்டும், சொல்லாமல்தான் வருவேன் என்றார். கட்டாயம் வாருங்கள், வந்தால் முதலில் சந்திக் கடையில் என்னைப் பற்றி விசாரியுங்கள் என்றேன். என்ன சொல்லுவினம் என்று கேட்டார். வாய்க்காரி என்று சொல்லுவினம், அது உண்மை என்றேன். வாசல் வரை வந்து, கடைக்காரரின் தம்பியின் ஓட்டோவைக் கூப்பிட்டு, ரோட்டு வழியாக என்னை விடுதிக்கு அனுப்பி வைத்தார்.

மீதி நாட்களில் நான் நடைக்குப் போகவில்லை. எண்ணெய் வைத்துக்கொண்டு, முகப்பில் இருந்து அந்தத் தகரக் கூரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்விக்கு என் விடை என்ன என்று யோசித்தேன். வீட்டில் இருந்திருந்தால் அடுப்பு, மாடு, வாசலில் யாரோ என்று அதைத் தள்ளிப்போட்டிருப்பேன். அங்கே தள்ளிப்போட ஒரு வேலையும் இல்லை. உன் மாமிமார் முகம் சுளிப்பார்கள். பெரியமாமா கலியாணத்துக்கு வராமலும் விடலாம். கோயிலில் என் முதுகுக்குப் பின்னால் கதைப்பார்கள். இத்தனை காலமும் மற்றவர்களின் சம்பந்தங்களைப் பற்றி நான் கதைத்தது போலவே கதைப்பார்கள். அதையெல்லாம் தாங்குவேனா என்று என்னையே கேட்டேன். தாங்குவேன் என்று தெரிந்துகொண்டுதான் பஸ் ஏறினேன்.

வந்து எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னேன். வெங்காயத் தாள் நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியை வைத்துவிட்டு, ஆக்கள் என்ன சொல்லுவினம் என்றார். சொல்லட்டும் என்றேன். அன்று முழுக்க மனிதர் என்னோடு கதைக்கவில்லை. அடுத்த நாள் விடிய, பல்லைத் தீட்டிக்கொண்டே கேட்டார்: "அந்த மனுஷி வந்தால், எந்த பஸ்ஸிலை வருவா?" அன்றிலிருந்து பருத்தித்துறை பஸ் சந்தியில் நிற்கிற சத்தம் கேட்டால் வாசல் படலைப் பக்கம் ஒரு நடை போய் வருகிறார். கேட்டால் மாடு அவிழ்த்துவிட்டதோ என்று பார்க்கப் போனேன் என்பார். மாடு பின்வளவில் நிற்கிறது.

இனி உனக்கு என்னுடைய புத்தி. பவானியை நச்சரிக்காதே. உன் அம்மா நல்லவள் என்று அவள் மூலமாகத் தூது அனுப்பாதே. நான் நல்லவளா என்பதை லெட்சுமி வந்து பார்த்துக்கொள்வார், அது அவருக்கும் எனக்கும் உள்ள கணக்கு. அவர் இல்லை என்று சொல்லவும் கூடும். அப்படிச் சொன்னால், பதிவுத் திருமணம் அது இது என்று அந்தப் பிள்ளையைத் தாய்க்கு எதிராகத் திருப்பிவிடாதே. ஒன்பது வயதில் தன் பிள்ளைப்பருவத்தை எங்கள் ஊரில் கொட்டிவிட்டுப் போனவர், தன் பிள்ளையை அங்கே தரமாட்டேன் என்றால் அதில் நியாயம் இருக்கிறது. நீ அழு. நானும் அழுவேன். திரும்பவும் போய்க் கேட்பேன். இந்தமுறை ஒளித்து மறைத்துப் போகமாட்டேன், அப்பாவையும் கூட்டிக்கொண்டு, நல்ல சப்பாத்தும் போட்டுக்கொண்டு போவேன். எத்தனை முறை வேண்டாம் என்றாலும் அவர் சொல்வதை இருந்து கேட்டுவிட்டு வருவேன்.

நீ இத்தனை மாதமாக என்னிடம் சம்மதம் கேட்டாய். அதைத் தருகிறேன் என்று எழுதத்தான் கடதாசியை எடுத்தேன். எழுத எழுதத்தான் விளங்குகிறது, என் கையில் தருவதற்கு அது இல்லை. அது லெட்சுமியிடம் இருக்கிறது. நான் கேட்டிருக்கிறேன், தம்பி. உன்னைப் போலவே நானும் கேட்டுவிட்டு நிற்கிறேன்.

பதிலுக்காகக் காத்திருக்கும்,
உன் அம்மா